நீலப் பட்டை

தேவசகாயம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு நாற்பத்திரண்டு.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் ரோடு போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாள் கம்பெனி படுத்துக்கொண்டது. அந்த வயதில் வேலை கேட்டுப் போகிறவனுக்கு எல்லாரும் நாற்காலி போடுவார்கள், காபியும் கொடுப்பார்கள், வேலை மட்டும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர் மங்கையர்க்கரசி ஒருவர்தான்.

மங்கை தொல்லியல் படித்தவர். ஒரு நிலத்தில் ரோடோ மில்லோ சோலார் பண்ணையோ வரப்போகிறது என்றால், அந்த மண்ணுக்கு அடியில் பழையது ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுக்கிற சிறு நிறுவனம் நடத்தினார். இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு முறையாகத் தோண்டுவார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே ஜேசிபி இறங்கும்.

தேவசகாயத்துக்குப் பானை ஓட்டுக்கும் பூந்தொட்டிச் சில்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நாற்பது பேரை வெயிலில் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவரத் தெரியும். தண்ணீர் கேன், உப்புச்சர்க்கரைக் கரைசல், பெண்களுக்கு ஒதுங்க மறைப்பு, பாம்புக்கடிக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த நிலத்துக்காரர் காலையில் நல்லவர், எவர் மாலையில் நல்லவர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊருக்கு ஊர் "மீத்தேன் எடுக்க வந்தியளா?" என்று மறிப்பார்கள். அடுத்த ஊரில் "புதையலா?" என்பார்கள். இரண்டு கூட்டத்தையும் அவர் ஒரே சிரிப்பில் சமாளிப்பார்.

மங்கை அவரை சார் என்றார். அவர் மங்கையை மேடம் என்றார். யார் குரு, யார் சிஷ்யன் என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அலுவலகத்துப் பிள்ளைகள்தான் கேலியாக, "சாருக்கு மேடம் குரு" என்பார்கள். அவர் மறுத்ததில்லை. மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

கரிசல் காட்டில் சோலார் பண்ணை வரப்போகிற இடம். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைக் குழிகள். ஐம்பது மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அரை மீட்டர் சதுரம், கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புச் சுக்கான் பாறை தட்டும் வரை ஆழம். தோண்டிய மண்ணை உடைத்து, சலித்து, பார்த்து, அட்டையில் எழுதி, திரும்ப மூட வேண்டும்.

மூடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. கிழிந்த தார்ப்பாயிலிருந்து வெட்டிய நீலப் பட்டை ஒன்றைக் குழியின் அடியில் விரிப்பார்கள். அதில் அழியாத மையில் குழி எண்ணும் தேதியும் இருக்கும். நூறு வருடம் கழித்து எவராவது அங்கே தோண்டினால், நீலம் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவார்கள். இந்த ஆழம் வரை ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

முதல் வாரம் தேவசகாயம் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"நூறு வருசம் கழிச்சு வாறவனுக்கு நாம எதுக்கு மேடம் லெட்டர் போடணும்?"

"அவங்களுக்கு நம்ம முகம் தெரியாதே சார். இதையாவது பார்க்கட்டும்."

முப்பத்தொன்பதாவது நாள் வேலை கெட்டது.

மதியம் இரண்டு மணிக்குப் பேச்சித்தாய் சல்லடையைப் பிடித்தபடியே சரிந்தாள். வெயில். தேவசகாயம் அவளை ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மற்ற எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆறு குழிகள் பாக்கி. மறுநாளிலிருந்து அவர்கள் ஊரில் கோயில் கொடை. யாரும் வரமாட்டார்கள். ரிப்போர்ட் கொடுக்க இன்னும் இரண்டே நாள்.

பாக்கி இருந்த ஆறும் காட்டின் கடைசியில், வேலிக்கருவேலப் புதருக்குள். நானூற்றேழு முதல் நானூற்றுப் பன்னிரண்டு வரை.

மங்கை அன்று வாடகை வீட்டிலேயே இருந்தார். தேவசகாயம் தனியாக உட்கார்ந்திருந்தார். முட்டி வலித்தது. நானூற்று ஆறு குழியில் ஒரு ஓடுகூட வரவில்லை. மேலே கரிசல், கீழே சுக்கான், நடுவில் எதுவும் இல்லை. இனி ஆறில் மட்டும் ராஜா வந்து படுத்திருக்கவா போகிறார்?

பேனாவை எடுத்தார். ஆறு அட்டைகளையும் நிரப்பினார். எல்லா ஆழமும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும் என்று எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எழுபத்தைந்து என்று மாற்றி மாற்றிப் போட்டார். 'கிடைத்தவை' என்ற இடத்தில் ஆறிலும் 'இல்லை' என்று எழுதினார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

காலையிலேயே எண் எழுதி வைத்திருந்த ஆறு நீலப் பட்டைகள் சட்டைப்பையில் இருந்தன. அவற்றைப் புதரில் வீசப் போனார். கை வரவில்லை. திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்க மங்கை வாடகை வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். சாயங்காலம் தேவசகாயம் கடைசி அட்டைக் கட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். வைத்தவர் போகவில்லை.

"என்ன சார்?"

"ஒரு சந்தேகம் மேடம்."

"கேளுங்க."

"ஒரு இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு எப்ப சொல்லலாம்?"

மங்கை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவருக்கும் அது நாற்பதாவது நாள்.

"ஏன் திடீர்னு?"

"சும்மாதான் கேக்குதேன்."

மங்கை அட்டைக் கட்டை எடுத்தார். சீட்டுக்கட்டைப் போல விரலால் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் நின்றார். ஆறு அட்டைகளை மட்டும் பிரித்து ஓரமாக வைத்தார்.

"காலையில ஆறு மணிக்கு வண்டி எடுங்க சார். கடப்பாரை, மண்வெட்டி, சல்லடை வேணும்."

"கையெழுத்து மேடம்? நாளைக்கு அஞ்சு மணிக்குக் குடுக்கணுமே."

"அஞ்சு மணிதானே."

 பிடிபட்டோமா இல்லையா என்று தேவசகாயத்துக்குத் தெரியவில்லை. பிடிபட்டிருந்தால் இன்றோடு வேலை போயிற்று. பிடிபடாவிட்டால் நாளை அந்தப் பொய்யின் கீழே மங்கை தன் பெயரைப் போடுவார். இரண்டில் எது மோசம் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, சரி மேடம் என்று போய்விட்டார்.

காலையில் அவர்தான் ஜீப்பை ஓட்டினார். மங்கை பக்கத்தில். 

நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ஓடைப் பாலம் வரும். அதைத் தாண்டியதும் வருகிற வளைவில் மங்கை எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா சார்."

இத்தனை நாளும், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அவர் இதைச் சொல்வார். அங்கே திருப்பமும் ஆபத்தானதல்ல, பள்ளமும் இல்லை. ஓரத்தில் கோயில் ஏதாவது இருக்குமோ என்று தேவசகாயம் தேடிப் பார்த்திருக்கிறார். பனை நான்கு, பஞ்சர் கடை ஒன்று, அவ்வளவுதான். யாரோ வேண்டியவர் அடிபட்ட இடமாயிருக்கும் என்று அவரே ஒரு கதை கட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைக்கும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். அன்றும் போட்டுக்கொண்டார். அன்று அது தனக்காக.

காட்டுக்குள் இறங்கியதும் மங்கை ஜிபிஎஸ் கருவியைக் கையில் எடுத்தார்.

"நானூத்தியேழு எங்க சார்?"

அவர் முன்னே நடந்தார். கருவேல முள் சட்டையை இழுத்தது. கருவி 'பீப்' என்ற இடத்தில் இருவரும் நின்றார்கள்.

கோடையில் கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். தோண்டி மூடிய இடத்தில் மட்டும் வெடிப்பு இருக்காது. புதுசாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாகத் தெரியும். அவர்கள் காலடியில் வெடிப்புகள் ஒன்றோடொன்று கைகோத்து, யாரும் தொடாமல் ஓடின.

தேவசகாயம் வாயைத் திறந்தார்.

"மேடம், நான் வந்து…"

"கடப்பாரை."

"முதல்ல நான் சொல்லுததைக் கேளுங்க."

"வெயில் ஏறிடும் சார். கடப்பாரையைக் குடுங்க."

கொடுத்தார். மங்கை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார். இரும்பு கரிசலில் பட்டு 'ணங்' என்றது. செங்கல்லைக் குத்துகிற மாதிரிதான். மூன்றாவது குத்தில் தேவசகாயம் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

அரை மணி நேரம் குத்தினார். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. மங்கை அதைக் கட்டையால் தட்டி உடைத்து, சல்லடையில் போட்டு ஆட்டினார். கரும்புழுதி இருவர் முகத்திலும் அப்பியது. சல்லடையில் சுக்கான் துண்டும் வேரும் மட்டுமே நின்றன.

சுக்கான் தட்டியது. மங்கை அளந்தார்.

"அறுபத்தாறு."

அட்டையில் தேவசகாயம் எழுதியிருந்தது எழுபத்தெட்டு.

 மங்கை கையை நீட்டினார்.

"பட்டை?"

தேவசகாயம் சட்டைப்பையைத் தொட்டார். ஆறு பட்டைகளும் அங்கேதான் இருந்தன, வியர்வையில் ஒட்டிப்போய். மேலே இருந்ததை உரித்து எடுத்தார். நானூற்றேழு என்று அவர் கையெழுத்து. கீழே பழைய தேதி.

"தேதியை மாத்துங்க சார்."

மங்கை பேனாவைக் கொடுத்தார். அவர் குழிக்கரையில் குந்தி, முட்டி முறுக, பழைய தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினார். பட்டையை அடியில் விரித்தார். இருவருமாக மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

இரண்டாவது குழியும் அப்படித்தான்.

மூன்றாவதைத் தோண்டும்போது அவருக்குக் கோபம் வந்தது. தன்மேல் இல்லை, மங்கைமேல். ஒரு வார்த்தை திட்டினால் என்ன? ரோடு கம்பெனியில் மேனேஜர் மூஞ்சியில் காகிதத்தை விட்டெறிவான். அதோடு கணக்குத் தீர்ந்துவிடும். இந்த அம்மாள் மண்ணைச் சலித்துக்கொண்டே இருக்கிறாளே.

கடப்பாரையைக் கீழே போட்டார்.

"நான்தான் மேடம் எழுதினேன். தோண்டாமலே எழுதினேன். ஆறையும்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"அட்டையில மண்ணே இல்ல."

அவருக்கு விளங்கவில்லை.

"மத்த நானூத்தி ஆறையும் எடுத்துப் பாருங்க. கை ரேகை இருக்கும், வேர்வை இருக்கும், பேச்சித்தாய் பாக்குக் கறைகூட ஒண்ணுல இருக்கு. இந்த ஆறு மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு."

ஆழத்தை மாற்றி மாற்றிப் போட்ட தன் சாமர்த்தியம் நினைவுக்கு வந்து தேவசகாயம் குறுகிப்போனார்.

"என்னை அனுப்பிருங்க மேடம்."

"அனுப்பிட்டா மிச்சம் மூணரையை யார் தோண்டறது?"

"விளையாடாதீய. உங்க பேரு போற ரிப்போர்ட்டு. நான் செஞ்சது துரோகம்."

"சல்லடையைப் பிடிங்க சார். கை ஓயுது."

பிடித்தார். கண்ணில் நீர் வந்தது. புழுதி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நான்காவது குழியருகே ஆடு மேய்க்கிற ஓர் அம்மாள் வந்து நின்றாள். தொரட்டிக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னத்தத் தோண்டுதிய? மீத்தேனா?"

"இல்லம்மா. இங்க பழசு ஏதாச்சும் இருக்கான்னு பாக்கோம்," என்றார் தேவசகாயம்.

"இருக்கா?"

"இல்ல."

"இல்லாததுக்கா இந்தப் பாடு? என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேம்லா, ஒண்ணும் இல்லைன்னு. நாப்பது வருசமா இங்கதான ஆடு பத்துதேன்."

மங்கை சல்லடையை நிறுத்தினார். "எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

"எனக்கு எழுதத் தெரியாதே தாயி."

"அப்ப நீங்க சொன்னா நம்பலாம்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தேவசகாயத்துக்கு வரவில்லை. அவள் தன் தூக்குவாளியிலிருந்து இருவருக்கும் பழைய சோற்று நீச்சத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

மதியம் ஒரு மணிக்குச் சோலார் கம்பெனி என்ஜினியர் நரேஷ் போன் செய்தான். மங்கை போனை மண்மேட்டின்மேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கட்டியை உடைத்தார்.

"மேடம், ரிப்போர்ட் ரெடியா? நாலு ஜேசிபி வந்து நிக்குது."

"அஞ்சு மணிக்கு."

"ஏதாவது கிடைச்சிருக்கா?"

"ஆறு குழி பாக்கி இருந்துச்சு. இப்ப ரெண்டு."

"அந்த ரெண்டை விட்டுடுங்களேன் மேடம். நானூத்துப் பத்துல ஒண்ணும் இல்லேன்னா அந்த ரெண்டுல என்ன இருந்துடப் போகுது?"

மங்கை தேவசகாயத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லுக்குச் சொல் அவர் அன்று உட்கார்ந்து யோசித்ததேதான்.

"அஞ்சு மணிக்கு நரேஷ்," என்று போனை வைத்தார் மங்கை.

ஐந்தாவது குழியில் தேவசகாயத்தின் உள்ளங்கை உரிந்தது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். மங்கை இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார், உட்கார்ந்தார்.  

அந்தக் குழியிலும் ஒன்றும் வரவில்லை.

ஆறாவதைத் தொடங்கும்போது தேவசகாயத்துக்கு ஓர் ஆசை வந்தது. கடைசிக் குழி. ஏதாவது ஒன்று வந்துவிடாதா? ஒரு கறுப்பு ஓடு, ஒரு பாசிமணி? வந்தால் இத்தனை பாட்டுக்கும் அர்த்தம் இருக்கும். நல்லவேளை மேடம் தோண்ட வைத்தார் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். அவர் செய்த பொய்யே ஒரு நல்ல கதையாக மாறிவிடும்.

ஒவ்வொரு சல்லடையையும் குனிந்து, விரலால் அளைந்து பார்த்தார். வேர். சுக்கான். ஒரு நத்தை ஓடு. மறுபடியும் வேர்.

சுக்கான் தட்டியது. எழுபத்தொன்று.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

கடைசிப் பட்டையை விரித்து மூடினார்கள். மணி மூன்றே முக்கால். மங்கை ஜீப்பின் முன்பக்கத்தில் ஆறு புது அட்டைகளை வைத்தார். தேவசகாயம் எழுதினார். ஆழத்தை மட்டும் அளந்தபடி போட்டார். 'கிடைத்தவை' என்ற இடத்தில் ஆறிலும் 'இல்லை' என்று எழுதினார். கட்டுப்போட்ட கையிலிருந்து அட்டை ஒவ்வொன்றிலும் கரிசல் அப்பியது.

மங்கை பழைய ஆறு அட்டைகளையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இது உங்களுடையது சார்."

பிறகு ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். பெருவிரல் பட்ட இடத்தில் ஒரு கறுப்பு ரேகை விழுந்தது. அதைத் துடைக்கவில்லை.

தேவசகாயம் ஒரு கையில் பழைய அட்டைகளும் மறு கையில் புதியவையுமாக நின்றார். இரண்டையும் பார்த்தார். அவருக்குள் இருந்த பழைய சூப்பர்வைசர் இன்னும் சாகவில்லை.

"மேடம், தப்பா நினைக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"நான் செஞ்சது தப்புதான். ஒத்துக்கிடுதேன். ஆனா அன்னைக்கும் இல்லைன்னுதான் எழுதினேன். இன்னைக்கும் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன். ஆழத்துல பத்து சென்டிமீட்டர் கூடக்குறைய. அதை விட்டா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

 மங்கை சல்லடையைத் தட்டி வண்டிக்குள் வைத்தார். தண்ணீர்க் கேனைச் சாய்த்து முகத்தைக் கழுவினார்.

"வண்டியை எடுங்க சார். நரேஷ் காத்துக்கிட்டிருப்பான்."

நெடுஞ்சாலை ஏறினார்கள். தேவசகாயம் உரிந்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. நாள் முழுக்க மன்னித்தவரிடம் கடைசியில் வக்கீல் மாதிரி வாதாடிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பனைகள் தெரிந்தன. பஞ்சர் கடை வந்தது.

"கொஞ்சம் மெதுவா சார்."

அவர் வேகத்தைக் குறைத்தார். கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"இங்க யாரு மேடம்? சொந்தக்காரங்க யாரும் அடிபட்டுட்டாவளா?"

"இல்ல சார்."

"கோயில் ஏதும் இருந்துச்சா?"

"இந்த ரோடு அகலப்படுத்தும்போது நான் புதுசு. ஒரு கம்பெனியில சம்பளத்துக்கு இருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க என் குழி."

மங்கை வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். ஜீப் மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க. எனக்கு ரெண்டு பாக்கி. நூத்திப் பதினேழு, நூத்திப் பதினெட்டு."

லாரி சுற்றிக்கொண்டு திட்டிக்கொண்டே போயிற்று.

"இங்க அடியில நீலப் பட்டை கிடையாது சார்."

தேவசகாயம் பனையைப் பார்த்தார். நான்கு வழித் தார்ச்சாலையைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் ரோடு போட்டவர் அவர். தாருக்குக் கீழே எத்தனை அடுக்கு ஜல்லி, எத்தனை டன் ரோலர் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் கீழே இனி எவரும் போய்ப் பார்க்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

"என்ன இருந்துச்சு மேடம்?"

"தெரியாது."

"ஒண்ணும் இருந்திருக்காது மேடம். அக்கம்பக்கத்துக் குழியில எதுவும் வரலைல்லா?"

"வரல."

"அப்ப ஒண்ணும் இருந்திருக்காது."

"அப்படித்தான் சார் நானும் சொல்லிக்கிறேன். பதினேழு வருஷமா."

 பழைய அட்டைகள் ஆறும் முன்கண்ணாடிக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தன. பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டினார்கள். பஞ்சர் கடை கண்ணாடியில் சின்னதாகி மறைந்தது. அப்புறமும் அவர் கால் அழுத்தவில்லை. ஜீப் ஊர்ந்துகொண்டே இருந்தது.

மங்கை திரும்பி, அவருடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"வேகமா போங்க சார். இந்த ரோட்டுல மெதுவாப் போக வேண்டியவ நான் ஒருத்திதான்."